ரன் கொடாதவர்களின் கணக்கு

ஓர் ஓவரின் ஆறு பந்துகளிலும் ரன் எடுக்கப்படவில்லை என்றால், ஸ்கோர் புத்தகத்தின் சிறு கட்டத்துக்குள் ஆறு புள்ளிகள் மட்டுமே இருக்கும். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. ஓவர் முடிந்ததும் அப்புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஆங்கிலத்தின் 'எம்' எழுத்து கிடைக்கும். அதுதான் மெய்டன். அந்த ஓவரிலேயே விக்கெட்டும் விழுந்திருந்தால், அதே கட்டத்தை 'டபிள்யூ' வடிவில் இணைப்பார்கள். கிரிக்கெட் ஆட்டத்தில் ஒன்றுமே நிகழாத ஆறு பந்துகளுக்கு இப்படியொரு தனி அடையாளம் தரப்பட்டிருப்பது எனக்கு இன்றளவும் வியப்பளிக்கிறது.

1980-களின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதும் வேலை எனக்கு வாய்த்தது. மட்டை பிடிக்கவும் வராது, பந்து வீசவும் வராது என்பது உறுதியான பிறகு கைக்குக் கொடுக்கப்பட்ட வேலை அது. மண் தரையின் மேல் கயிற்றுப் பாய் விரித்து, நான்கு ஓரமும் ஆணி அடித்து இறுக்கி, அதன்மேல் ஆடுவார்கள். பாய் சற்றே தளர்ந்தாலும் பந்து மட்டையாளரின் விலாவுக்கு எழும்பும். பின்னால் மலைக்கோட்டையின் பாறை வெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். மரத்தடியில் ஒரு பெஞ்சு, இரண்டு பென்சில், ஒரு பிளேடு, நீளமான ஸ்கோர் புத்தகம். இவையே என் அலுவலகம்.

எங்கள் அணியில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த ஓர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் இருந்தார். பெயர் வேண்டாம்; அவர் குடும்பத்தார் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். ஆறு நாளும் அரம் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். பந்தைச் சுழற்றுவதில் பெரிய வித்தை காட்டியதாக நினைவில்லை. ஆனால் விழவேண்டிய இடத்தில் பந்து விழும். மறுபடியும் அதே இடத்தில் விழும். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து விக்கெட்டுகளை எண்ணுவார்கள். அவர் மட்டும், "எத்தனை எம்மு போட்டிருக்க, தம்பி?" என்று கேட்பார். நான் எண்ணிச் சொல்வேன். தலையை ஆட்டிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவர் கேட்ட அந்தக் கேள்வியை விளையாட்டு வரலாறு அதிகம் கேட்பதில்லை. பந்துவீச்சாளர் எடுத்ததை அது எண்ணுகிறது. கொடுக்க மறுத்ததை ஓரமாக எழுதி வைக்கிறது. இதற்கு விலக்காக ஒரு விளையாட்டு உண்டென்றால் அது அமெரிக்காவின் பேஸ்பால். ஓர் ஆட்டம் முழுவதும் ஒரே பிட்சர் பந்தெறிந்து, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடாமல் முடித்தால் அதற்கு 'ஷட் அவுட்' என்று பெயர். கதவை அடைத்துவிட்டதாகப் பொருள். பிட்சரின் வாழ்நாள் சாதனைகளில் அது முன்வரிசையில் எழுதப்படுகிறது.

1876-இல் நேஷனல் லீக் தொடங்கிய முதல் பருவத்திலேயே, செயின்ட் லூயிஸ் அணியின் ஜார்ஜ் பிராட்லி 16 ஷட் அவுட்களை நிகழ்த்தினார். அணி ஆடியது 64 ஆட்டங்கள். அத்தனையிலும் பந்தெறிந்தவர் அவரே. சிகாகோ அணியின் ஆல்பர்ட் ஸ்பால்டிங் 8 ஷட் அவுட்களுடன் அவருக்கு அடுத்து நின்றார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1916-இல் பிலடெல்பியாவின் குரோவர் அலெக்சாண்டர் அதே 16-ஐ எட்டினார். ஒரு பருவத்துக்கான அந்த எண்ணை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. வாழ்நாள் கணக்கில் வால்டர் ஜான்சனின் 110 முதலிடத்தில் இருக்கிறது. பிட்சர்களைப் பாதியில் மாற்றுவதே வழக்கமாகிவிட்ட இந்நாளில், ஒரு பருவத்தில் ஒன்றிரண்டு ஷட் அவுட் கிடைத்தாலே பட்டியலின் தலைப்பில் இடம் கிடைத்துவிடுகிறது.

பிராட்லியின் காலத்து ஆட்டம் இன்றைய ஆட்டம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிட்சர் கையை இடுப்புக்குக் கீழே வைத்துத்தான் எறியலாம். தூரம் 45 அடிதான். 60 அடி 6 அங்குலம் என்பது 1893-இல் வந்தது. மட்டையாளர் தனக்குப் பந்து உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று கேட்டுப் பெறலாம். ஓட்டலில் இட்லியா தோசையா என்று கேட்பதுபோல. இத்தனை சலுகைக்கு நடுவிலும் ஒருவர் 16 முறை கதவை அடைத்திருக்கிறார்.

இதில் நம்மைத் தொடும் செய்திகள் இரண்டு. பேஸ்பால் ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணையை உருவாக்கிய ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்தே அவர் அந்த அட்டவணையை வகுத்தார். ஆக, பிராட்லியின் கணக்கு நம்மிடம் இருப்பதற்குக் கிரிக்கெட்டின் பழக்கமும் ஒரு காரணம். இன்னொன்று, ஸ்பால்டிங் பின்னாளில் விளையாட்டுப் பொருள் வணிகராகி, இரண்டு பேஸ்பால் அணிகளை உலகச் சுற்றுப்பயணம் அழைத்து வந்தார். 1889-இன் தொடக்கத்தில் அவர்கள் கொழும்பில் ஓர் ஆட்டம் ஆடினார்கள். இந்தியாவுக்கு வரும் திட்டம் கைவிடப்பட்டது. பாக் நீரிணையைத் தாண்டாமல் கப்பல் எகிப்துக்குப் போய்விட்டது. வந்திருந்தாலும் நாம் கிரிக்கெட்டை விட்டிருக்கமாட்டோம் என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டில் பிராட்லியின் 1876-க்கு இணையான ஆண்டு 1934. அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னை மாகாண அணியும் மைசூர் அணியும் மோதின. பின்னர் ரஞ்சிக் கோப்பை என்று பெயர் பெற்ற போட்டியின் முதல் ஆட்டம் அது. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன். ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கையா இங்கிலாந்துப் பயணத்தையா என்று தேர்ந்தெடுக்க வேண்டியபோது இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்து, தங்கப் பதக்கம் வென்ற ஹாக்கி அணியில் இடம்பெறாமல் போனவர்.

ஆனால் அன்றைய நாள் ஏ.ஜி.ராம் சிங்குடையது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரான அவர் முதல் இன்னிங்ஸில் 19 ரன் கொடுத்து 6 விக்கெட், இரண்டாவதில் 16 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. சென்னை எடுத்தது 130 மட்டுமே. அதுவே இன்னிங்ஸும் 23 ரன்னுமாக வெல்லப் போதுமானதாக இருந்தது. காலையில் தொடங்கிய ஆட்டம் அன்று மாலையே முடிந்தது. ஆண்டிறுதியில் கோப்பை பம்பாய்க்குப் போனாலும், போட்டியின் முதல் நாள் என்றால் ராம் சிங்கின் பெயர்தான் நினைவுக்கு வருகிறது.

இந்த 11 விக்கெட்டைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் 11-ஐச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த 35. ஓர் ஆட்டம் முழுவதும் வீசி, எதிரணியை இருமுறை சாய்த்தவர் கொடுத்த மொத்த ரன் அவ்வளவே. ராம் சிங் அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றுகூட ஆடவில்லை. அவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்காக ஆடினார்கள். தந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லாமலே போயிற்று. சென்னை மாகாணமும் பின்னர் தமிழ்நாடும் இடக்கைச் சுழலை விடாமல் வளர்த்த வரலாறு அவரிடமிருந்து தொடங்குகிறது. 1987-88-இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற அணியின் தலைவர் எஸ்.வாசுதேவன் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 2023-24 ரஞ்சிப் பருவத்தில் 53 விக்கெட்டுடன் நாட்டிலேயே முதலிடம் பெற்ற ஆர்.சாய் கிஷோரும் அவ்வாறே.

ரன் கொடாமையின் உச்சம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அதுவும் சென்னையில்தான் நிகழ்ந்தது. 1964 ஜனவரி 12. இன்று நேரு விளையாட்டரங்கம் என வழங்கும் கார்ப்பரேஷன் மைதானம். இந்தியா முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட் இழப்புக்கு 457 எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. புதி குந்தரன் 192 எடுத்திருந்தார். மூன்றாம் நாள் இங்கிலாந்தின் பிரையன் போலஸும் கென் பேரிங்டனும் களத்தில் இருந்தபோது பாபு நாட்கர்ணி பந்தைக் கையில் எடுத்தார். இவரும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரே.

அந்த இன்னிங்ஸில் அவர் நான்கு தவணைகளாக வீசினார். முதல் தவணை 3 ஓவர், மூன்றும் மெய்டன். இரண்டாவது 7 ஓவர், 5 மெய்டன், 2 ரன். மூன்றாவது 19 ஓவர், 18 மெய்டன், 1 ரன். கடைசியாக 3 ஓவர், 1 மெய்டன், 2 ரன். மொத்தம் 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. இடையில் 21 ஓவர்கள் தொடர்ச்சியாக மெய்டன். 131 பந்துகளில் ஒரு ரன்கூட இல்லை. டெஸ்ட் கிரிக்கெட்டில் அடுத்தடுத்த மெய்டன் ஓவர்களில் இதற்கு மேல் எதுவும் இல்லை. பந்துகளின் எண்ணிக்கையில் மட்டும் தென்னாப்பிரிக்காவின் ஹ்யூ டேஃபீல்டு ஆறு பந்து முந்தி நிற்கிறார். 1957-இல் டர்பனில் இங்கிலாந்துக்கு எதிராக 137 பந்துகள். அங்கே அப்போது ஓவருக்கு எட்டுப் பந்து என்பதால் மெய்டன் எண்ணிக்கை குறைந்துவிட்டது.

அன்று ஸ்கோர் எழுதியவரின் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அது எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரே வரியில் 'எம்' என்னும் எழுத்து அடுத்தடுத்து, பள்ளிச் சிறுவன் கையெழுத்துப் பழகிய நோட்டுபோல இருந்திருக்கும்.

வலைப்பயிற்சியில் நாட்கர்ணி ஆடுகளத்தில் ஒரு நாணயத்தை வைத்து, அதன்மேலேயே பந்தைத் திரும்பத் திரும்ப விழச்செய்து பழகினார் என்று சொல்வார்கள். எங்கள் பூட்டுப் பட்டறைக்காரர் அந்தக் கதையை எங்கோ கேட்டிருந்தார். பாயின்மேல் நாணயத்துக்குப் பதிலாக ஒரு பழைய பூட்டின் தகட்டை வைத்து வீசுவார். பந்து தகட்டில் பட்டால் எழும் ஓசை மரத்தடி வரைக்கும் கேட்கும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. அந்தச் சென்னை டெஸ்டில் இங்கிலாந்து வீரர்கள் பலர் வயிற்றுக் கோளாறால் வதங்கியிருந்தார்கள். விக்கெட்டைக் காத்துக்கொண்டு நாளைக் கடத்துவதே அவர்களது நோக்கம். அடிக்க முயலாத மட்டையாளருக்கு வீசி எடுத்த மெய்டனில் என்ன பெருமை என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டுகளும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. ரன் கொடாமலிருப்பது மட்டுமே ஆட்டத்தை வென்று தந்துவிடாது. பேஸ்பாலின் ஷட் அவுட் என்றால் ஆட்டம் தோற்பதற்கு வழியே இல்லை. கிரிக்கெட்டின் மெய்டனுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. எனினும், 41 டெஸ்டுகளிலும் சேர்த்து ஓவருக்கு 1.67 ரன் என்ற சராசரியில் ஒருவர் வீசியிருக்கிறார் என்றால், எதிரணிகள் அத்தனைக்கும் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. 88 விக்கெட்டுகளும் அவர் கணக்கில் இருக்கின்றன. நாட்கர்ணி 2020 ஜனவரியில் தமது 86-ஆம் வயதில் காலமானபோது வந்த செய்திகள் எல்லாம் அந்த ஒரு நாளிலிருந்தே தொடங்கின.

பழைய மெய்டன்களையும் புதியவற்றையும் ஒரே தராசில் நிறுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1980-களுக்கு முன்பு வைடு, நோபால் ஆகியவை உதிரி ரன்களாக மட்டும் எழுதப்பட்டன. பந்துவீச்சாளரின் கணக்கில் ஏறவில்லை. இப்போது ஏறுகின்றன, ஒரு வைடு போதும், மெய்டன் போயிற்று. பை, லெக்பை ரன்கள் அன்றும் இன்றும் பந்துவீச்சாளரின் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே நான்கு ரன் ஓடி எடுத்த ஓவரும் மெய்டனாக இருக்கக்கூடும். இதைப் புதிதாக ஸ்கோர் எழுத வருபவர்களுக்கு விளக்குவதற்குள் இரண்டு ஓவர் ஓடிவிடும்.

இருபது ஓவர் ஆட்டம் வந்த பின்னர் மெய்டன் அருகிப்போயிற்று. ஒருவருக்கு நான்கு ஓவர்தான். மட்டையாளருக்கு ஒவ்வொரு பந்தும் கடன். ஆயினும் நான்கு ஓவரையும் மெய்டனாக வீசி முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஷட் அவுட்டுக்கு மிக நெருங்கிய கிரிக்கெட் சாதனை இதுவே என்பேன். தனக்கு ஒதுக்கப்பட்ட பந்துகள் அத்தனையையும் வீசி, எதையும் கொடாமல் திரும்புவது. 2021 நவம்பர் 8-இல் சையது முஷ்டாக் அலி கோப்பையில் மணிப்பூருக்கு எதிராக விதர்பாவின் அக்‌ஷய் கர்னேவார் 4-4-0-2 என்று வீசினார். இரு கைகளாலும் சுழற்பந்து வீசக்கூடியவர் அவர். அடுத்த சில நாள்களிலேயே கனடாவின் சாத் பின் ஜாபர் பனாமாவுக்கு எதிராகச் சர்வதேச ஆட்டத்தில் அதே எண்களைப் பதித்தார். 2024 உலகக் கோப்பையில் பப்புவா நியூகினிக்கு எதிராக நியூசிலாந்தின் லாக்கி ஃபெர்குசன் 4-4-0-3. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் ரோமாலியா என்ற 17 வயதுப் பெண், மங்கோலியாவுக்கு எதிரான தமது முதல் சர்வதேச ஆட்டத்தில் 20 பந்துகள் வீசி, ரன் ஏதும் கொடாமல் 7 விக்கெட் வீழ்த்தினார். எதிரணிகளின் வலிமையைப் பார்க்கும்போது இவற்றைச் சற்றுத் தள்ளுபடியோடுதான் ஏற்க வேண்டும். ஆனாலும் பூஜ்யம் பூஜ்யம்தான்.

2023 ஐபிஎல் பிளே ஆஃப் ஆட்டங்களில் ரன் எடுக்கப்படாத பந்து ஒவ்வொன்றுக்கும் 500 மரக்கன்றுகள் நடப்படும் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. தொலைக்காட்சித் திரையில் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு மரம் முளைத்தது. வெற்றுப் பந்துக்கு இப்படியாவது ஒரு மரியாதை கிடைத்ததே என்று அப்போது மகிழ்ந்தேன்.

எங்கள் பகுதிக்கும் நல்ல மைதானம் வந்துவிட்டது. சிறுமலையை ஒரு பக்கம் பார்த்தபடி நத்தம் சாலையில் சென்றால் என்பிஆர் கல்லூரி மைதானம். கயிற்றுப் பாய் விரித்த தலைமுறைக்கு அந்தப் பச்சைப் புல்லைப் பார்த்தாலே காலில் செருப்புடன் நிற்கக் கூச்சமாக இருக்கும். 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் பருவத்திலிருந்தே அங்கு ஆட்டங்கள் நடந்தன. திண்டுக்கல் பெயர் தாங்கிய டிராகன்ஸ் அணி, ஆர்.அஸ்வின் தலைமையில் 2024-இல் அந்தக் கோப்பையை வென்றது.

ஆனால் அந்த மைதானத்தில் பந்துவீச்சைப் பற்றிப் பேசுவதென்றால் 2019 டிசம்பரில் நடந்த ரஞ்சி ஆட்டத்தைத்தான் சொல்வேன். மீண்டும் அதே இரு தரப்பு. சென்னையும் மைசூரும் இப்போது தமிழ்நாடும் கர்நாடகமும். கர்நாடகம் 336, தமிழ்நாடு 307. பிறகு கர்நாடகம் 151-க்குச் சுருண்டது. நான்காம் நாள் தமிழ்நாட்டுக்குத் தேவை 181. கர்நாடகத்தின் ஆஃப் ஸ்பின்னர் கிருஷ்ணப்பா கௌதம் 60 ரன்னுக்கு 8 விக்கெட் எடுக்க, தமிழ்நாடு 154-இல் முடிந்தது. 26 ரன்னில் தோல்வி. முதல் இன்னிங்ஸின் 6 விக்கெட்டையும் சேர்த்து கௌதமுக்கு ஆட்டத்தில் 14. சேப்பாக்கத்தில் ராம் சிங் செய்ததற்கு 85 ஆண்டுகள் கழித்து எங்கள் ஊரில் பதில் கொடுத்தார்கள் என்று நண்பர்களிடம் சொன்னேன். தோற்ற வருத்தத்தில் யாரும் சிரிக்கவில்லை.

இந்த ஆட்டத்தின் ஒவ்வொரு பந்தும் கணினியில் இருக்கிறது. 1934 ஆட்டத்தின் ஸ்கோர் அட்டை இருக்கிறது. 1876-இல் பிராட்லி எறிந்த ஆட்டங்களின் அட்டவணைகள் அன்றன்றைய நாளிதழ்களில் அச்சானதால், 1969-இல் மேக்மில்லன் பேஸ்பால் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த ஆய்வாளர்கள் பழைய தாள்களைப் புரட்டி, அந்தக் காலத்து எண்களை மறுபடியும் கட்டியெழுப்ப முடிந்தது. 1980-களில் திண்டுக்கல் சமவெளியில் பாயின்மேல் ஆடப்பட்ட ஆட்டங்களின் கணக்கு எங்கே இருக்கிறது?

என் கையால் எழுதிய புத்தகங்கள் ஏழோ எட்டோ இருந்தன. வேலை நிமித்தம் நான் ஊரைவிட்டுப் போனபோது அவற்றை அணியின் சாமான்கள் இருந்த அறையில், பாய்க்கும் ஸ்டம்புகளுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து கேட்டபோது, அறையைக் காலிசெய்கையில் பழைய பேப்பருடன் சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். யாரையும் குறை சொல்ல மனமில்லை. அட்டை கிழிந்த நோட்டுகளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். என்னிடம் தங்கியவை இரண்டு. பட்டறைக்காரர் வீசிய ஆட்டங்கள் பதினொன்று அவற்றில் இருக்கின்றன. மற்றவை போனவைதான். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் என்றேனும் ஒருநாள் மூன்று வரிச் செய்தி வந்திருக்கும். அதில் யார் எத்தனை ரன் அடித்தார், யார் எத்தனை விக்கெட் எடுத்தார் என்று இருக்கும். மெய்டனுக்கு அந்த மூன்று வரியில் இடமிருந்ததில்லை.

மாவட்ட அளவிலான ஆட்டங்களை நடத்துவோர் பழைய ஸ்கோர் புத்தகங்களைத் திரட்டுவதற்குப் பெரும் பணம் தேவைப்படாது. வயதான ஸ்கோரர்கள், நடுவர்கள் வீடுகளில் பரணில் கிடப்பவற்றைக் கேட்டு வாங்கி, கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஆண்டு வாரியாக ஓரிடத்தில் சேர்த்தால் போதும். மாவட்ட மைய நூலகத்தின் ஓர் அலமாரிகூடப் போதுமானது. பென்சில் எழுத்து ஆண்டுதோறும் மங்குகிறது என்பதால் இதற்கு அதிக அவகாசம் இல்லை. இப்போதைய ஆட்டங்களைக் கைப்பேசிச் செயலிகளில் பதிவு செய்கிறார்கள், நல்லது. அவற்றிலும் செயலி மாறும்போது பழைய தரவு தொலைந்துபோவதைக் கண்டிருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் ஒரு பிரதியை அச்சிட்டு வைக்கும்படி இளைஞர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் அந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்து உட்கார்ந்தேன். பதினொரு ஆட்டங்களின் பக்கங்களையும் தனித்தனியே படியெடுத்தேன். ஒரு பக்கத்தில் தேநீர் சிந்திய கறை. அதன்கீழ் இரண்டு ஓவர்கள் படிக்க முடியவில்லை. மற்ற கட்டங்களில் 'எம்' எழுத்துகளை எண்ணி ஒரு தாளில் எழுதி, பட்டறைக்காரரின் மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கிரிக்கெட் பார்ப்பதில்லையாம். தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது என்ன எழுத்து, சார்?" என்று கேட்டார். உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.